மூன்று கையெழுத்து

எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் 1511இல் மடமையைப் புகழ்ந்து ஒரு நையாண்டி நூலை வெளியிட்டார். ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கு 1987இல் அவர் பெயரையே சூட்டினார்கள். பெயர்ப் பொருத்தம் அமோகம்.

புறப்படுமுன், என்னென்ன பாடம் படிக்கப்போகிறோம் என்று ஓர் ஒப்பந்தம். மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் என மூன்று கையெழுத்து. துறைத்தலைவர் விடுப்பில், முத்திரை அலமாரியில், அலமாரிச் சாவி அவர் பையில். ஒருவழியாக எல்லாம் முடிந்து போய் இறங்கினால், அந்தப் பாடம் இந்த செமஸ்டரில் கிடையாதாம்.

பதற வேண்டாம். பாடங்களை மாற்றிக்கொள்ள அதே படிவத்தில் தனிப் பகுதியே உண்டு. தாலி கட்டும்போதே விவாகரத்து மனுவையும் நீட்டும் முன்யோசனை! அதற்கும் அந்த மூவரின் சம்மதம் வேண்டும். பரிமாற்றப் படிப்பின் முதல் செய்முறைப் பாடம் இதுதான். கிரெடிட் மட்டும் தரமாட்டார்கள்.