‘ஹார்ப்பை’ என்பது பிழைபட்ட பாடமே: ஏசி அறைக் கதவுச் சுவடி பற்றிய ஓர் ஆய்வு

தமிழர் யாழை ஆராயாமல் விட்டவர்கள் அல்லர். விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947-இல் வெளிவந்தது. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்று எண்ணிக்கைகூட நமக்குப் பாடம். ஆனால், கத்திரி வெயிலில் யாழ்க் கச்சேரிக்கு வருகிறவர் தம் நாயை எங்கே விட்டு வருவது என்பது பற்றி முன்னோர் வாய் திறக்கவில்லை. சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கிடைத்த சுவடி ஒன்று இக்குறையைத் தீர்க்கிறது.

சுவடி வரலாறு

மூன்றாம் மாடி மாமியின் பேத்தி வெளிநாட்டில் மேல்நாட்டு யாழான ஹார்ப் படிக்கிறாள். மே மாத விடுமுறைக்கு, 34 நரம்புள்ள சின்ன ஹார்ப்போடு வந்தவள், ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கீழ்த்தள ஏசிக் கூடத்தில் தனிக்கச்சேரி வைத்தாள். வயலின் இல்லை, மிருதங்கம் இல்லை, தலையாட்டக்கூட ஆளில்லை. பேத்தி சொல்லச் சொல்ல மாமி எழுதிக் கூடத்துக் கதவில் ஒட்டிய தாளே நம் சுவடி. காலண்டர்த் தாளின் பின்பக்கம், நீல மை, ஓரத்தில் சாம்பார்ச் சிதைவு. நூற்பாக்கள் நான்கு. நான்கும் ‘ஹார்ப்பை’ என்றே தொடங்குகின்றன (ஐயத்துக்குரிய அச்சொல்லைக் கீழே விட்டே தருகிறோம்). இது ஏடெழுதியவர் பிழை, மூலபாடம் ‘நாயை’ என்பது நம் துணிபு.

அற்றேல், நாய்க்கு 34 நரம்பு உண்டோ எனின், அதற்கு மேலும் உண்டு என்க.

நூற்பா 1: நின்ற காரில் வைக்காதே

உரை: சூட்டில் ஹார்ப்பின் பசை இளகும், பலகை விரியும். நாய்க்கு நேர்வது இதனினும் கொடிது. வெளியே 24 டிகிரி செல்சியஸ் இருந்தாலே மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 34, அரை மணியில் 43 ஆகிவிடும். 24 டிகிரி என்பது நமக்கு மார்கழிக் காலை. 2003 மே 31-இல் சென்னை கண்டது 45. கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டேனே எனின், அதனால் பெரிய பயன் இல்லை.

நூற்பா 2: வெயிலில் கிடத்தாதே

உரை: ‘கிடத்தாதே’ என்றதனால் தரையும் கொள்ளப்படும். தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஏழு வினாடி தாங்க முடியாவிட்டால், அது நாயின் பாதத்துக்கும் ஆகாது. நடை கூட்டிப்போவது பால்காரர் வரும் நேரத்தில் என்க.

நூற்பா 3: தொடும்போதெல்லாம் சுருதி பார்

உரை: நாயின் சுருதி 38 முதல் 39.2 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். அதற்கோ பாதத்தில் மட்டும் கொஞ்சம். மற்றச் சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே ஆற்றியாக வேண்டும். மூக்கு சப்பையான பக், புல்டாக் வகைகளுக்கு அந்த வழியும் குறுகல். இரைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு சிவந்து, நடை தள்ளாடினால் அபஸ்வரம் என்று அறிக.

நூற்பா 4: ஈரம் படவிடாதே

உரை: இங்கு மட்டும் நம் கொள்கை இடறுகிறது. சூடேறிய நாயை நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஆகவே இந்நூற்பா ஒன்று மட்டும் மெய்யாகவே ஹார்ப்பைப் பற்றியது, பிற்காலத்தார் சேர்த்ததாகலாம்.

களச் சான்று

கச்சேரியில் இரண்டாவது உருப்படி நடந்துகொண்டிருந்தது. முன்வரிசைக்காரர் ஒருவர் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். “ஒண்ணுமில்லம்மா, பக் கார்ல இருக்கு. இன்னும் ஒரு பாட்டு கேட்டுட்டுக் கிளம்பிடறேன்” என்றார். பேத்தி நரம்புகளின்மேல் உள்ளங்கையை வைத்து நாதத்தை அடக்கினாள்.

“அங்கிள், உங்க கார்ல என் ஹார்ப்பை வைப்பீங்களா?”

“ஐயையோ, இந்த வெயில்லயா?” என்றவர், தம் வாயிலிருந்து வந்ததைத் தாமே கேட்டு, செருப்பில்லாமல் ஓடினார்.

நல்லவேளை, பக் இரைப்போடு தப்பியது. தண்ணீர் குடித்து, ஏசிக் காற்றில் வயிறு ஒட்டப் படுத்து, மீதிக் கச்சேரி முழுவதும் ஹார்ப்பையே கண்கொட்டாமல் பார்த்தது. இதை ரசனை என்பாரும் உளர். நடு நரம்புகள் விலங்கின் குடலை முறுக்கிச் செய்தவை. போட்டிக் கறியின் வாசனை என்பதே பொருந்தும்.

முடிவுரை

பேத்தி ஊர் திரும்பிவிட்டாள். தாள் இன்னும் கதவில் இருக்கிறது. போன வாரம் பார்த்தபோது முதல் மூன்று வரிகளிலும் ‘ஹார்ப்பை’ அடிக்கப்பட்டு, வேறொரு கையெழுத்தில், சிவப்பு மையில் ‘நாயை’ என்று திருத்தப்பட்டிருந்தது. நான்காவது வரியைத் திருத்தியவர் தொடவில்லை. அதற்கு நேர் கீழே தரையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்திருந்தார்.