எதுக்கு மலைக்குப் போறீங்க?

கீழே விழுவதற்கென்று ஓர் அரசாங்கம் பாதை போட்டு, எந்தப் பாதையில் எவ்வளவு பலமாக விழலாம் என்று நிறமும் குறித்து வைத்திருக்கிறது என்று சொன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நானும் நம்பவில்லை. எடின்பரோவில் வேலை பார்க்கும் அக்கா மகன்தான், "மாமா, ஞாயித்துக்கிழம வீட்டுக்குள்ளயே உக்காந்து என்ன செய்யப் போறீங்க, வாங்க" என்று காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டினான்.

அந்த இடத்துக்குப் பெயர் கிளென்ட்ரெஸ். எடின்பரோவுக்குத் தெற்கே, பீபிள்ஸ் என்ற சிற்றூரை ஒட்டி, ட்வீட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் வனத்துறைக் காடு. தெற்கு ஸ்காட்லாந்தில் 'செவன் ஸ்டேன்ஸ்' என்ற பெயரில் மலை சைக்கிளுக்கென்றே பல மையங்கள் உண்டு. இது அவற்றில் ஒன்று. 2023இல் உலக சைக்கிள் சாம்பியன்ஷிப் ஸ்காட்லாந்தில் நடந்தபோது மலைப் பந்தயங்களில் ஒரு பகுதியை இங்கேதான் நடத்தினார்கள். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று பாதைகள். பச்சை குழந்தைகளுக்கு. நீலம் கொஞ்சம் பழகியவர்களுக்கு. சிவப்பு தேறியவர்களுக்கு. கறுப்பு, வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கு.

பாதையின் நடுவே பாறைகள் துருத்திக்கொண்டு நின்றன. "ரோடு போட்டவன் பாதியில விட்டுட்டுப் போயிட்டானாடா?" என்றேன்.

"இல்ல மாமா. அந்தக் கல்ல எல்லாம் வேணும்னே பதிச்சிருக்காங்க."

வேண்டுமென்றே! எங்கள் தெருவில் குழாய் பதித்தவர்கள் விட்டுப்போன ஜல்லிக் குவியல் இன்னும் அப்படியே கிடக்கிறது. அதன்மேல் ஒரு சிவப்பு அம்பு நட்டால் உலகத் தரம் வந்துவிடும் என்பது அன்றுதான் விளங்கியது.

சைக்கிள் விஷயத்தில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் பரம்பரைப் பெருமை அதிகம். மிதித்து ஓட்டும் முதல் வண்டியை 1839 வாக்கில் செய்தவர் தங்கள் ஊர்க் கொல்லர் கிர்க்பாட்ரிக் மேக்மில்லன் என்பார்கள். சரித்திரக்காரர்கள் சாட்சி எங்கே என்பார்கள். காற்றடிக்கும் டயரை 1888இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஜான் பாய்ட் டன்லப் அங்கே பிறந்தவர் என்பதில் மட்டும் சண்டையில்லை. மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடட்டும் என்றுதான் அவர் அந்த டயரைச் செய்தார். குலுக்கலை ஒழிக்க ஒருவர் அப்படிப் பாடுபட்டார்; நூறு வருஷம் கழித்து அவர் நாட்டுக்காரர்கள் குலுக்கல் போதவில்லை என்று கல்லைக் கொண்டுவந்து பதிக்கிறார்கள்.

மருமகன் முழங்காலுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று என்று பூட்டிக்கொண்டு கறுப்புப் பக்கம் போனான். கர்ணனுக்கே கவசம் ஒன்றுதான். நான் வாடகை சைக்கிளில் பச்சைப் பாதையைப் பிடித்தேன். பள்ளிக்கூடம் போகும் வயதுகூட வராத ஒரு பெண் குழந்தை என்னைத் தாண்டிப் போகும்போது, "நன்றாக ஓட்டுகிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் உற்சாகப்படுத்திவிட்டுப் போனது. நானும் நன்றி சொன்னேன். வேறு என்ன செய்வது?

என்னை உண்மையிலேயே அசத்தியது பாதை அல்ல, அங்கே ஒருவரும் ஒன்றும் கேட்காததுதான். காரை நிறுத்தக் காசு உண்டு, சைக்கிள் ஓட்டக் காசில்லை, சீட்டில்லை, கையெழுத்தில்லை. காரணம் 2003இல் அவர்கள் போட்ட நிலச் சீர்திருத்தச் சட்டம். பயிரை மிதிக்காமல், பிறருக்குத் தொந்தரவில்லாமல் நடந்துகொண்டால், மலையிலும் காட்டிலும் யாரும் நடக்கலாம், சைக்கிள் விடலாம். எதற்கு என்று கேட்க ஆளில்லை.

ஆளும் இல்லை, விலங்கும் இல்லை. முதல் உலகப் போரில் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்து, 1919இல் வன ஆணையம் அமைத்து, வரிசை வரிசையாக ஊசியிலை மரம் நட்ட நாடு அது. கரடி எப்போதோ போய்விட்டது. ஓநாயும் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே முடிந்தது. இன்று அந்த மலைநாட்டில் மனிதனைத் தேடிவந்து கடிப்பது மிட்ஜ் என்ற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சிதான். அதுவும் பெண் பூச்சி மட்டும்தான் கடிக்கும் என்று மருமகன் சொன்னான். அவன் மனைவி பக்கத்தில் இருந்ததால் நான் கருத்துச் சொல்லவில்லை.

ஆடிப்பூரத் தேருக்கு ஊருக்கு வந்தவன் அந்தச் சைக்கிளையும் பிரித்துப் பெட்டியில் கட்டி விமானத்தில் கொண்டுவந்து இறங்கினான். அக்கா பெட்டியைப் பார்த்துக் குளிர்சாதனப் பெட்டி என்று நினைத்து ஆரத்தி எடுக்காத குறை. உள்ளேயிருந்து சக்கரம் வந்ததும், "இங்க இல்லாத சைக்கிளாடா?" என்றவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

பூட்டி முடித்துக் காற்றடிக்கப் பஞ்சர் கடைக்குப் போனோம். கடைக்காரர் வண்டியைச் சுற்றிவந்தார்.

"பெல்லு?"

"இல்ல."

"கேரியர்? மட்கார்டு?"

"இல்லண்ணே."

"ஸ்டாண்டாச்சும்?"

"இல்ல."

"எம்புட்டு ஆச்சு தம்பி?"

மருமகன் விலையை ரூபாயில் சொன்னான். கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, இந்தத் துட்டுக்கு ஒரு ஸ்டாண்டு குடுக்க மாட்டேன்னுட்டானா?" என்றார். டயருக்குள் டியூபே இல்லை, ஒரு திரவம்தான் இருக்கிறது, ஓட்டை விழுந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும் என்று அவன் விளக்கியதும் அவர் முகம் வாடியது. தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கிக் குமிழி பார்த்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்.

எங்கள் பக்கத்துப் பாதைகளுக்கும் நிறம் குறித்துப் பார்ப்போம் என்று நானும் மருமகனும் கிளம்பினோம். அவன் அந்த வண்டியில். நான் என் பழைய ஹெர்குலிஸில்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மேடில்லை, பள்ளமில்லை, நேரான தார்ச்சாலை. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. ஸ்காட்லாந்துக் கணக்கில் பச்சை. ஆனால் ஒரு பக்கம் கேரளாவுக்குப் போகும் லாரி, மறு பக்கம் அதை முந்தும் பேருந்து, நடுவில் இரண்டையும் முந்தும் இன்னொரு பேருந்து. ஏர் ஹாரன் காதுக்குள் இறங்கியபோது, கிளென்ட்ரெஸின் கறுப்பில் சிரித்துக்கொண்டே இறங்கிய பிள்ளை சாலையை விட்டே இறங்கிவிட்டான். "மாமா, இது கறுப்பு" என்றான். குறித்துக்கொண்டேன்.

ராஜபாளையத்தில் முடங்கியாறு ரோட்டில் திரும்பி மேற்கே போனால் அய்யனார் கோயில். இருபக்கமும் தோப்பு. மாங்காய் சீசன் முடியும் நேரம், மலையிலிருந்து சாரல், எதிரே நீல நிறத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை. நீலம் என்று எழுதப்போன சமயத்தில் வந்தது நாய்.

ராஜபாளையம் நாய் சாமானியப்பட்டதல்ல. பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை போட்டுக் கௌரவித்த ஜாதி. தோப்புக் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்தது. இந்த இனத்தில் காது கேளாத நாய்கள் நிறைய என்பது வளர்ப்பவர்கள் அறிந்த விஷயம். ஆகவே நான் பெல்லை அடித்து ஒன்றும் ஆகவில்லை. பெல்லே இல்லாமல் வந்த மருமகன்தான் புத்திசாலி. நாய் வேலி வரை எங்களைத் துரத்திவந்து, எல்லை தாண்டாமல் நின்றுகொண்டது. எந்தச் சைக்கிள் மையமும் தராத வேகத்தை ஹெர்குலிஸ் அன்று தந்தது. இந்தப் பாதை சிவப்பு.

விழுந்தால் என்ன செய்வது என்ற கவலை மட்டும் இங்கே வேண்டாம். பக்கத்திலேயே சத்திரப்பட்டி. தறிக்குத் தறி மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் ஊர். வெளிநாடுகளுக்கும் போகும் துணி. கிளென்ட்ரெஸில் விழுந்தவனுக்குப் போட்ட கட்டும் இங்கேயிருந்து போனதாக இருக்கலாம் என்றேன். "அப்ப இங்கயே விழுந்துட்டா கப்பல் செலவு மிச்சம்" என்றான். எங்கள் வீட்டுப் பிள்ளைதான், சந்தேகமில்லை.

மலையடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி. காவலர் எழுந்து வந்தார்.

"எங்க போறீங்க?"

"மலைக்கு."

"அது தெரியுது. எதுக்கு மலைக்குப் போறீங்க?"

மருமகன் ஸ்காட்லாந்துப் பழக்கத்தில், "சைக்கிள் ஓட்ட" என்றான்.

"ஓட்டி?"

அதற்கு மேல் அவனிடம் பதில் இல்லை. "திரும்பி வந்துருவோம்" என்றான்.

"அப்ப இப்பவே திரும்பிருங்க" என்றார் காவலர், கோபமே இல்லாமல்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நீர்காத்த அய்யனாருக்குப் பொங்கல் வைக்கப் போகிறவர்கள் ஒரு கூட்டம். ஆற்றில் தண்ணீர் வந்தால் குளிக்க ஒரு கூட்டம். வத்திராயிருப்புப் பக்கம் போனால் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு அமாவாசையும் பௌர்ணமியும் ஜனம் ஏறுகிறது. ஹெல்மெட் இல்லை, முழங்கால் கவசம் இல்லை, சிலர் காலில் செருப்பும் இல்லை. தலையில் அரிசி மூட்டையோடு பாறைமேல் பாறையாகத் தாவிப் போகிறார்கள். கிளென்ட்ரெஸ்காரர்கள் வந்து பார்த்தால் கறுப்புக்கு மேலே ஒரு நிறம் தேட வேண்டிவரும்.

அடுத்து செண்பகத்தோப்பு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, காட்டழகர் கோயிலுக்குப் போகிற வழி. இங்கே சாம்பல் நிற அணிலுக்கென்று 1988இல் சரணாலயம் அறிவித்தார்கள். சிறு பூனை அளவில், வால் கிளைக்குக் கீழே தொங்க, மரம் விட்டு மரம் தாவும் அணில். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 2021இல் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக்கினார்கள். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குமேல் பரப்பு. யானை, சிறுத்தை, கரடி எல்லாம் அதில் குடியிருப்பு.

"அங்கயும் சிவப்பு அணில் இருக்கு மாமா. அமெரிக்காவுலருந்து வந்த சாம்பல் அணில் அத வெரட்டிக்கிட்டு இருக்கு" என்றான். அங்கே சாம்பல் நிறம் வில்லன், இங்கே அதற்குத்தான் சரணாலயம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எதுக்கு வந்தாய் என்று கேட்காத மலை வேண்டுமானால், அங்கே கேட்பதற்கு யாரும் மிச்சம் இருக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் ஓநாயும் கரடியும் போய்ச் சேர்ந்தபின் அந்தக் கேள்வியும் போய்ச் சேர்ந்தது. இங்கே யானை கேட்கும், அணில் கேட்கும், அவை சார்பில் காவலர் கேட்பார். கல் பதித்துப் பாதை போட எங்களுக்குத் தெரியாமல் இல்லை. கல் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் வளைவில் சறுக்கித் திரும்பும்போது எதிரே ஒற்றை யானை நின்றால், எந்த நிறத்துப் பலகையைக் காட்டுவது?

ஓரமாக நின்று பால்கோவா தின்றோம். மருமகன் பையில் வைத்திருந்த சக்திப் பசை என்னமோ ஒன்றை எனக்கும் நீட்டினான். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய தின்பண்டம் கையில் இருக்கும்போது யார் அதைத் தொடுவார்கள்? அந்த நேரத்தில் மண்பாதைக் கல்லில் தடதடவென்று ஒரு பெரியவர் சைக்கிளில் இறங்கி வந்தார். கேரியரில் ஆள் உயரத்துக்குத் தென்னை மட்டைக் கட்டு, ஹேண்டில்பாரில் தூக்குவாளி, பிரேக்குக் கட்டை ஒரு பக்கம்தான். மறு பக்கத்துக்கு டயர் செருப்பு. மருமகன் வாயில் பால்கோவாவோடு எழுந்துவிட்டான்.

"பெரியவரே, இந்தக் கல்லுல எப்பிடி இம்புட்டு வேகமா எறங்குறீங்க?"

"எறங்காட்டி அடுப்பு எப்பிடி எரியும்?" என்றவர், ஒரு காலை ஊன்றி நின்று அவன் வண்டியைப் பார்த்தார். "நீங்க எதுக்குத் தம்பி இங்கிட்டு?"

மறுநாள் மருமகன் தயாராகப் போனான். அதே சாவடி, அதே காவலர். கேட்பதற்கு முன்பே, "கோயிலுக்கு" என்றான்.

"தேங்கா எங்க?"

முதுகுப் பையில், தண்ணீர்ப் பை இருக்க வேண்டிய இடத்திலிருந்து, குடுமியோடு ஒரு தேங்காயை எடுத்துக் காட்டினான். பின்னாலேயே வெற்றிலை, பழம், சூடம். காவலர் முகம் மலர்ந்தது. "அப்பிடிச் சொல்ல வேண்டியதுதான? பொழுது சாயிறதுக்குள்ள வந்துருங்க" என்று தடுப்புக் கம்பைத் தூக்கினார். மருமகன் பெடலில் கால் வைத்தான்.

"சைக்கிள் எதுக்கு? அது இங்கிட்டு கெடக்கட்டும்" என்றார் காவலர். "கேரியரே இல்ல. அதுல என்னத்தக் கொண்டாரப் போறீங்க?"