ஃபோர் பை ஃபோர் அண்ணாச்சி

பெரியதாழையிலிருந்து மணப்பாட்டுக்குக் கடலோரமாக நடந்தால் ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேர்ந்துவிடலாம். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் செபமாலையை உருட்டியபடியே போகிறார்கள். அதே தூரத்தை வண்டியில் கடக்க ஃபோர் பை ஃபோர் அண்ணாச்சி மூன்று லீவாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் கரையில் ஊருக்கு ஒருவராவது உண்டு. கப்பல் வேலை, வருஷத்தில் பாதி கடலில், மீதி வீட்டில். சம்பாத்தியத்தில் முதலில் வீட்டுக்கு மாடி, அடுத்து தங்கச்சி கல்யாணம், மூன்றாவதாக நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு மகிந்திரா தார் வண்டி. 2020 அக்டோபர் 2-ஆம் தேதி புதுத் தார் சந்தைக்கு வந்தபோது இவர் எங்கோ நடுக்கடலில் இன்ஜின் ரூமில் இருந்தார். கரை இறங்கியதும் செய்த முதல் காரியம் முன்பணம் கட்டியதுதான். கறுப்பு நிறம். முன் கண்ணாடியில் மாதா படம், பின்னால் மலைத்தொடர் ஸ்டிக்கர். சுற்றுவட்டாரத்தில் மலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது.

அண்ணாச்சி வண்டி ஓட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் திட்டம் தீட்டுகிறவர். சாட்டிலைட் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து வரவேற்பறையில் ஒட்டியிருக்கிறார். வாட்சப்பில், எங்கள் பக்கத்துச் செம்மணல் மேட்டின் பெயரில், 'ஆபரேஷன் தேரி' என்று ஒரு குழு. அதில் வந்து விழும் நிரல் இப்படி இருக்கும்: 5.10 புறப்பாடு. 5.45 தேரி ஓரம், டயர் காற்றைப் பதினெட்டுக்கு இறக்குதல். 6.05 செம்மணல் மேட்டில் சூரிய உதயம், ட்ரோன். 6.40 பதநீர்.

இந்தக் கடைசி வரியில்தான் போன பங்குனியில் சிக்கல் வந்தது. பனையேறியிடம் நேரம் சொல்லப் போனார். "அந்நேரம் நான் மரத்து உச்சியில நிப்பேன் அண்ணாச்சி. பதனி குடிக்கணும்னா ஏழரைக்கு மேல வாரும்" என்றார் அவர். ஏழரைக்கு வெளிச்சம் தட்டையாகிவிடும், படம் சரியாக வராது. அண்ணாச்சி இரண்டு நாள் யோசித்தார். உதயத்தையும் பதநீரையும் ஒரே நிரலில் அடக்க முடியாமல் பயணத்தையே தள்ளிவைத்தார்.

சாமான்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். விஞ்ச், இழுவைக் கயிறு, காற்றடிக்கும் கம்ப்ரசர், மணலில் சக்கரம் சுற்றினால் அடியில் கொடுக்க ஆரஞ்சு நிறப் பலகைகள். மணலில் ஜாக்கி புதைந்துவிடும், அதற்கு அடியில் வைக்க அகலமான கட்டை ஒன்று வேண்டும் என்று படித்திருந்தார். சரியான அளவில் வீட்டிலேயே கிடைத்தது: அம்மா உட்கார்ந்து மீன் அறுக்கிற மணை. அது வண்டிக்குள் ஏறிய நாளிலிருந்து ஏசி போட்டால் சாளை வாடை. வாசலில் நின்று அம்மா சத்தம் போடுவதும் நிற்கவில்லை: "லே, என் மணைய எங்கலே கொண்டு வச்ச?"

ஆற்றைக் கடக்க, இன்ஜினுக்குள் தண்ணீர் போகாதபடி மேலிருந்து காற்று இழுக்கும் ஸ்நார்க்கல் குழாய் வேறு மாட்டினார். எங்கள் பக்கத்து ஆறு கருமேனியாறு. சாத்தான்குளம் வழியாக வந்து மணப்பாட்டில் கடலில் சேர்கிறது என்று புத்தகத்தில் இருக்கிறது; வருஷத்தின் பெரும்பகுதி அதில் ஆடு மேய்கிறது. 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அன்றைக்கு ஸ்நார்க்கலுக்கு வேலை இருந்தது. அண்ணாச்சி கப்பலில் இருந்தார். சாவி அவர் பெட்டிக்குள். மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்துக்குள் போனார்கள்.

அண்ணாச்சிக்கு ஒரு மச்சினன். 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற மலிவு விலைத் தார் வந்தது. அதை வாங்கிவிட்டு '4×4' ஸ்டிக்கரைக் கடையில் வாங்கி ஒட்டிக்கொண்டவர். குழுவில் அதிகம் பேசுகிறவர் அவர்தான்.

நியாயமாகச் சொன்னால், வண்டியில் குறையில்லை. போன லீவில் ஒரு சாயங்காலம் ஒத்திகை என்று பெரியதாழைக் கரையில் இறக்கினார். ஃபோர் லோவில் போட்டார். நாலு சக்கரமும் மணலைக் கவ்விக்கொண்டு வண்டி அழகாக ஊர்ந்தது. பையன்கள் விசிலடித்தார்கள். தூண்டில் வளைவைத் தாண்டவில்லை, ஒரு பாட்டி எழுந்து குறுக்கே வந்துவிட்டார். "எய்யா, வண்டிய அங்கனயே நிறுத்து. கெடக்கது வலைல்லா. கிழிஞ்சா உன் கப்பல்காரனா தருவான்?" அண்ணாச்சி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். பாட்டியோடு சேர்ந்து வலையைச் சுருட்டி ஓரத்தில் வைத்தார். அதற்கு அப்பால் இன்னொரு வலை, அதற்கப்பால் காயப்போட்ட நெத்திலி, அதற்கப்பால் வரிசையாக ஃபைபர் படகுகள். இதில் ஒன்றுகூட சாட்டிலைட் படத்தில் இல்லை.

என் கணிப்பில் அண்ணாச்சியின் கோளாறு இதுதான். மணலுக்கும் தண்ணீருக்கும் எதிராக அவர் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். வழியில் பிழைப்பு நடத்துகிறவர்களை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. தேரியில் டயரைக் குத்துவது உடைமுள். அதைப் பனங்காட்டுக்குள் விறகு பொறுக்குகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். படுக்கப்பத்து, மாதவன்குறிச்சிப் பக்கம் அவர் குறித்த தடமோ, 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி அடிக்கல் நாட்டிய குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்காக எடுத்த நிலத்தில் மாட்டிக்கொண்டது. ராக்கெட் மேலே போகலாம். அண்ணாச்சி குறுக்கே போக முடியாது. அவர் நிரலில் இருக்கும் குதிரைமொழித் தேரியோ காப்புக்காடு. வனத்துறையைக் கேட்காமல் வண்டியை உள்ளே விடுவது குற்றம். இதைச் சொன்னபோது அவர் முகம் வாடவில்லை, மலர்ந்தது. அனுமதி விண்ணப்பம் என்று நிரலில் புதிதாக ஒரு வரி சேர்ந்ததே!

அடுத்த வாரம் மறுபடியும் கப்பல் ஏறுகிறார். வரைபடச் சுருளும் கூடவே போகிறது.

தேரியைப் பார்க்க ஆசைப்படுகிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காற்று கொண்டுவந்து குவித்த மணல், மேலே இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்தது. காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம். அதைப் பார்க்க நாலு சக்கர இழுவை வேண்டாம். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில் வரைக்கும் தார்ச்சாலை இருக்கிறது. எந்த வண்டியும் போகும். கோயில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, வெயில் ஏறும் முன் நடந்து பாருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், முள் கிடக்கும்.