ஓதத்துக்கு ஒரு கோட்

வீட்டைத் தானே பழுதுபார்க்கக் கிளம்புகிறவர் முதலில் எடுப்பது பெயின்ட் பிரஷ். சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கிறதா? சுரண்டு, பட்டி பார், இரண்டு கோட் அடி; பொங்கலுக்கு வரும் சம்பந்தி பார்த்துவிட்டுப் போகும்வரை தாங்கும். ஐப்பசி மழையில் தோல் உரியும். பழி பெயின்ட் கடைக்காரர் தலையில். குற்றவாளியோ தண்ணீர்: மொட்டைமாடியில் வேப்பஞ்சருகு அடைத்த மழைநீர்க் குழாய், வாய் பிளந்த தட்டோட்டு இடுக்கு, சுவருக்கு அந்தப் பக்கத்துக் குளியலறை என்று ஏதோ ஒரு வழியில் அது வந்துகொண்டே இருக்கிறது. பழைய சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விட்டது. பிளாஸ்டிக் எமல்ஷன் உள்ளே பூட்டிவைத்து அப்பளமாகப் பொரிக்கிறது.

“வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் இருக்கிறதே?” என்பார்கள். இருக்கிறது, அதை நனையும் பக்கத்தில் அடிக்க வேண்டும். பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர் விளம்பரமெல்லாம் பார்ப்பதில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டால் செலவு என்பது நியாயம்தான். ஆனால் நோயைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம்: சுவரில் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் வியர்த்தால் ஈரம் சுவருக்குள். முன்னால் வியர்த்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை. மாடிச் சருகை அள்ளத் துடைப்பமும் முறமும் போதும். அந்த வேலைக்கு ஷேட் கார்டு கிடையாது என்பதால்தான் யாருக்கும் பிடிப்பதில்லை.