பூ சுற்றலாம்… கணக்கு உதைக்கக் கூடாது!

? வயது நாற்பதைத் தாண்டியும் டிராகன் கதை படிக்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்களே?
(வங்கி ஊழியர், ஈரோடு)

1954-ல் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் பாகம் வெளிவந்தபோது டோல்கீனுக்கு வயது 62. ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் வேறு. எழுதிய மனிதருக்கே கூச்சமில்லை, படிக்கிற உங்களுக்கென்ன? கேலி செய்பவர்கள் ராத்திரி எந்த சீரியல் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். நாகம் பழிவாங்கும், செத்தவர் திரும்பி வருவார். டிராகன் எவ்வளவோ தேவலை.

? ஃபேன்டஸி என்றாலே காதில் பூ சுற்றுவதுதானே?
(கணக்கு ஆசிரியர், விருதுநகர்)

சுற்றுவதுதான் சார். ஆனால் அளந்து சுற்ற வேண்டும். டோல்கீன் கதையில் நண்பர்கள் பிரிந்து ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். ஒரே ராத்திரியில் இவர்களுக்கு ஒரு நிலா, அவர்களுக்கு ஒரு நிலா என்று ஆகிவிடக் கூடாதென்று வளர்பிறை, தேய்பிறையைச் சரிபார்த்துத் தேதிகளைத் திருத்தினார் மனிதர். இல்லாத ஊருக்குப் பஞ்சாங்கம்! மரம் பேசட்டும், மந்திரவாதி செத்துப் பிழைக்கட்டும், மறுப்பில்லை. நேற்று பௌர்ணமி, இன்று மூன்றாம் பிறை என்றால்தான் வாசகன் புத்தகத்தை மூடிவிடுவான். பெரிய பொய் ஒன்றை மன்னிப்போம். சில்லறைப் பொய் பத்தை மன்னிக்க மாட்டோம்.

? ‘ராபின்சன் குரூசோ’ நிஜக் கதையா?
(பிளஸ் டூ மாணவி, தேனி)

நிஜத்தின் சாயல் உண்டு. அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற ஸ்காட்லாந்து மாலுமி, 1704-ல் கேப்டனோடு தகராறு செய்து, இந்த ஓட்டைக் கப்பலுக்குத் தீவே மேல் என்று இறங்கிக்கொண்டார். சிலிக்கு மேற்கே, பசிபிக் கடலில், ஆளில்லாத தீவு. நாலு வருஷம், நாலு மாசம் தனிவாசம். அவர் கணிப்பு தப்பவில்லை. கப்பல் பிற்பாடு நிஜமாகவே மூழ்கியது. டேனியல் டீஃபோ 1719-ல் எழுதிய நாவலில் தீவை அட்லாண்டிக் பக்கம் நகர்த்தி, தண்டனையை 28 வருஷமாக்கினார். 1966-ல் சிலி அரசு, செல்கிர்க் வாழ்ந்த தீவுக்குக் குரூசோவின் பெயரை வைத்தது. செல்கிர்க் பெயர்? அவர் வாழாத இன்னொரு தீவுக்கு!

? புகழ்பெற்ற நாவல்களில் கணக்கு உதைத்ததே இல்லையா?
(புரூஃப் ரீடர், சிவகாசி)

உங்கள் தொழில் புத்தி போகுமா! குரூசோ உடையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, உடைந்த கப்பலுக்கு நீந்திப் போகிறான். அங்கே பாக்கெட் நிறைய பிஸ்கட்டை அள்ளிப் போட்டுக்கொள்கிறான். எந்தப் பாக்கெட்? கொஞ்சம் தள்ளி, கால்சட்டையோடுதான் நீந்தினான் என்று ஒரு விளக்கம் வருகிறது. அன்றைக்கே இதைப் பிடித்துக் கிண்டல் செய்துவிட்டார்கள்.

இன்னொன்று, வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’. பிக்கியின் மூக்குக் கண்ணாடியை வெயிலில் பிடித்துத் தீ மூட்டுகிறார்கள் பையன்கள். பிக்கிக்கோ கிட்டப்பார்வை. அதற்குப் போடுவது குழிலென்ஸ். அது ஒளியைக் குவிக்காது, சிதறடிக்கும். காலமெல்லாம் பிடித்தாலும் ஒரு சருகு கருகாது. நோபல் பரிசு வாங்கியவரையே பத்தாம் வகுப்பு அறிவியல் பாடம் பிடித்துவிட்டது.

? அந்த நாவலில் வருவதுபோல, பையன்களைத் தனியே விட்டால் அடித்துக்கொண்டு சாவார்களா?
(ஹாஸ்டல் வார்டன், சேலம்)

நிஜத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1965-ல் டோங்கா நாட்டின் ஹாஸ்டல் பையன்கள் ஆறு பேர், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு படகை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கினார்கள். புயலில் சிக்கி ‘அட்டா’ என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். பதினைந்து மாசம்! முறைபோட்டு வேலை செய்தார்கள். மூட்டிய தீயை அணையவிடவில்லை. சண்டை வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்க் கோபம் தணிந்து திரும்ப வேண்டும். ஒருவனுக்குக் கால் உடைந்தபோது மற்றவர்களே கட்டுப்போட்டார்கள், எலும்பு கூடிவிட்டது. 1966-ல் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியர் மீட்டுக் கரை சேர்த்தார். கரையில் காத்திருந்தது மாலை அல்ல. படகுத் திருட்டுக்காக போலீஸ்! உங்கள் பையன்களை நம்பலாம் சார். படகை மட்டும் பூட்டி வையுங்கள்.

? சாகச நாவல் எழுத ஆசை. எங்கே ஆரம்பிக்கலாம்?
(ஐ.டி. ஊழியர், சிறுசேரி)

மேப்பில். 1881-ல் ஸ்காட்லாந்தில் மழை கொட்டிய ஒரு விடுமுறையின்போது, ஸ்டீவன்சன் தன் மனைவியின் மகனோடு சேர்ந்து ஒரு தீவின் படத்தைத் தீட்டி வண்ணமடித்தார். விரிகுடாவும் குன்றும் வந்தபின் கடற்கொள்ளையர்கள் தாமாக வந்து சேர்ந்தார்கள். அதுதான் ‘ட்ரெஷர் ஐலண்ட்’. புத்தகமாகப் போடும்போது பதிப்பகத்துக்கு அனுப்பிய மேப் காணாமல் போனது. எழுதி முடித்த கதையைப் புரட்டி, எது எங்கே என்று குறித்துப் புதிதாக வரைய வேண்டியதாயிற்று. மேப்பை வரைந்ததும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளவும்.

? ‘தி மார்ஷியன்’ நாவலில் அறிவியல் சரிதானா?
(பாலிடெக்னிக் மாணவர், கோவை)

உருளைக்கிழங்குக்கு எத்தனை கலோரி, எத்தனை நாளைக்கு வரும் என்று ஆண்டி வெய்ர் போடும் கணக்கு, நம் மளிகைக்கடை அண்ணாச்சி கணக்கு மாதிரி கறார். ஆனால் கதையைத் தொடங்கிவைக்கும் புயல் சுத்தப் பொய். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே ராக்கெட்டைச் சாய்க்கும் புயல் அடிக்காது. அதைத் தெரிந்தேதான் எழுதினேன் என்று அவரே சொல்லிவிட்டார். பெரிய பொய் ஒன்று, மீதியெல்லாம் கணக்கு. இலக்கணம் பிசகவில்லை.

? நாசகால நாவல்கள் சும்மா பயமுறுத்துகின்றன என்கிறேன் நான்.
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை)

மார்கரெட் அட்வுட் 1985-ல் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ எழுதியபோது தனக்கொரு நிபந்தனை போட்டுக்கொண்டார்: உலகில் எங்காவது, எப்போதாவது மனிதன் செய்திராத எதையும் கதையில் சேர்ப்பதில்லை. பயம் கற்பனையிலிருந்து வரவில்லை ஐயா, சரித்திரப் புத்தகத்திலிருந்து வருகிறது. 2014-ல் தாய்லாந்தின் ராணுவ ஆட்சி, ‘ஹங்கர் கேம்ஸ்’ பாணியில் மூன்று விரலை உயர்த்திய மாணவர்களைப் பிடித்துப் போனது. யார் யாரைப் பயமுறுத்தினார்கள், சொல்லுங்கள்?

? தமிழில் இந்த வகை இல்லையே?
(நூலகர், திருச்சி)

‘என் இனிய இயந்திரா’ உங்கள் அலமாரியிலேயே இருக்கும், பாருங்கள். சுஜாதா எண்பதுகளில் எழுதியது. ஜீவா என்ற சர்வாதிகாரி, மனிதர்களைவிடப் புத்திசாலியான ஜீனோ என்ற இயந்திர நாய். கொடுங்கோன்மையை இவ்வளவு சிரித்துக்கொண்டே சொன்னவர் குறைவு. பின்னால் வந்தவர்கள் அந்தப் பாதையில் அதிகம் நடக்கவில்லை என்பதுதான் குறை.

? உங்களைக் கலங்கவைத்த காட்சி?
(செவிலியர், நாகர்கோவில்)

கார்மாக் மெக்கார்த்தியின் ‘தி ரோட்’. உலகம் சாம்பலாகிவிட்டது. அப்பா, பாழடைந்த சூப்பர் மார்க்கெட்டில் துழாவி ஒரே ஒரு கோக் டின்னைக் கண்டெடுத்து மகனிடம் நீட்டுகிறார். பையன் ஒரு வாய் குடித்துவிட்டு, நீயும் குடி என்கிறான். தனக்கு இனி இது கிடைக்கப்போவதில்லை என்று அந்தச் சிறுவனுக்குப் புரிந்துவிடுகிறது. அரக்கன் கிடையாது, வெடிகுண்டு கிடையாது. ஒரு டின் போதும்.

? பையன் போனைக் கீழே வைப்பதில்லை. எதைப் படிக்கக் கொடுக்கலாம்?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

பத்து வயதென்றால் ‘ட்ரெஷர் ஐலண்ட்’, பன்னிரண்டில் ‘தி ஹாபிட்’. ‘தி ரோட்’ மட்டும் மீசை முளைத்தபிறகு. வாங்கிக் கொடுத்துவிட்டு “படிச்சியா, படிச்சியா?” என்று நச்சரிக்காதீர்கள். அவன் கண்ணில் படும்படி நீங்கள் முதலில் படியுங்கள். கூப்பிட்டாலும் நிமிராதீர்கள். சாப்பாடு அரை மணி தாமதமானால் அவனே வந்து பிடுங்கிக்கொள்வான்.