மயில்துத்தமும் மாப்பிள்ளையும்

வாய்யா மாப்ள. கெங்கவல்லியில பஸ் ஏறி ஆத்தூருக்குப் போயி, மருந்துக்கடைக்காரனுக்கு மொய் வெச்சிட்டு வந்தியாமே? அவன் எடுத்துக் குடுத்ததையெல்லாம் பேசாம வாங்கிட்டு வந்தா, அதுக்குப் பேரு மொய்தானய்யா.

எலுமிச்சை இலையில, காயில சொரசொரன்னு பழுப்பாப் பொறிப்பொறியா இருக்குதே, அது சொறிநோய். உண்டாக்குறது பாக்டீரியா. நீ அடிச்சதோ பூசணத்துக்கான கார்பன்டசிம். இலைக்குள்ள ஊடுருவுற மருந்துதான், இல்லேங்கல. ஆனா இந்தக் கிருமிக்கு நீ குளிக்கத்தான் ஊத்தியிருக்க.

அடிமரத்துல பிசின் வடிஞ்சதுக்கும் அதையேதான் அடிச்சியாம். அது பைட்டாப்தோரா. பூசணம்னு பேரு, வம்சம் வேற. கார்பன்டசிம்ம அது சட்டையே பண்ணாது. மெட்டலாக்சில் கேக்கும், ஆனா அதையே ஓயாம அடிச்சா, மாமியார் பேச்சு உனக்குப் பழகுன மாதிரி அதுக்கும் பழகிப்போயிரும்.

ரெண்டுக்கும் பழைய ஆளு ஒருத்தன் இருக்கான், செம்பு. பிரான்சுல போர்டோ பக்கம், ரோட்டோரத் திராட்சையத் திருடுறாங்கன்னு செம்பு உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிமேல தெளிச்சி வெச்சானுங்க. தெளிச்ச கொடியில மட்டும் நோய் இல்லேன்னு 1882ல மில்லார்டேங்கிற வாத்தியார் கண்டுபுடிச்சி, 1885ல ஊருக்கே சொன்னாரு. களவுக்குப் பயந்தவன் குடுத்த மருந்துய்யா அது! உன் காய்க்குத்தான் அந்தக் கவலையே இல்ல, திருடன் பாத்தாலே மொகஞ்சுளிச்சிட்டுப் போயிருவான்.

சொறி புடிச்ச குச்சிய மொதல்ல வெட்டி எரி. அப்புறம் ஒரு கிலோ மயில்துத்தத்த அம்பது லிட்டர் தண்ணியில கரை. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்ப இன்னொரு அம்பது லிட்டர்ல நீத்து வடிகட்டு. துத்தத் தண்ணிய சுண்ணாம்புப் பால்ல கொஞ்சங்கொஞ்சமா ஊத்திக் கலக்கு, மாத்தி ஊத்திடாத. இரும்பு அண்டா வேண்டாம், பிளாஸ்டிக் டிரம் போதும். அன்னைக்கே அடிச்சி முடி. மிச்சம் வெச்சி நாளைக்கி அடிக்க அது பழைய சோறா? பத்து லிட்டர்லயே ரெண்டையும் கெட்டியாக் கலந்தா பசை. பிசின் வடியுற பட்டையச் செதுக்கிட்டு அதப் பூசு.

செம்பு இலைமேல காவல் நிக்கும், உள்ள போவாது. புதுத்துளிர் வந்தா அதுக்குத் திரும்ப அடிக்கணும். முத்துன இலைக்கு அடிச்சதே போதும்னு கட்டில்ல சாஞ்சிடாத.

கலவை சரியான்னு பாக்க அருவாள முக்கி எடு. செம்பு நெறம் படிஞ்சா துத்தம் மிஞ்சியிருக்கு, இலையப் பொசுக்கிடும். இன்னுங் கொஞ்சம் சுண்ணாம்பு சேரு. ஆனா மாப்ள, எங்கிட்ட வந்து அருவா வாங்கிட்டுப் போ. உன்னுது துருவேறிக் கெடக்கு. துருவச் செம்புன்னு நெனச்சி நீ மூட்டை மூட்டையா சுண்ணாம்பக் கொட்டுவ.