இல்லாங்காட்டி என்ன பண்ணுவே, தம்பி?

நீ நம்ம உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பார்க்க வந்ததுல இருந்து ஜமுனாமரத்தூர் டீக்கடையில உன் பேச்சுதான் தம்பி. ஒரே ஒரு கடிதம் எழுதுவியாம், அது ஆளாளுக்கு வேற மாதிரி போய்ச் சேருமாம். சாமை போடறவனுக்குச் சாமை விலை, தேன் எடுக்கிறவனுக்குத் தேன் விலை, சந்தா கட்டாதவனுக்கு மட்டும் சுருக்குன்னு ஒரு வரி. ‘இஃப், எல்ஸ்’னு நீ சொன்னே. ‘இருந்தா, இல்லாங்காட்டி’ன்னு நான் எடுத்துக்கிட்டேன்.

புதுசுன்னு மட்டும் சொல்லாதே. ஊருக்குள்ள சேதி சொல்லப் போனவன் காலங்காலமா இதைத்தான் செஞ்சான். சம்பந்தி வீட்டுல ஒரு பேச்சு, பங்காளி வீட்டுல ஒரு பேச்சு. ஆனா அவன் வாசல்ல நின்னு மூஞ்சியப் பார்த்துட்டு வாயைத் திறந்தான். உன் சாப்ட்வேருக்கு மூஞ்சி ஏது? பதிவேட்டுல ஏறினது மட்டுந்தான் அதுக்குத் தெரியும். அந்தப் பதிவேட்டை எழுதின லட்சணம் நமக்குத் தெரியும்.

பேர்ல இருந்தே பாரு. வெள்ளைக்காரன் வசதிக்கு முதல் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு கட்டம். நம்ம ஆளு ‘கா. வெள்ளையன்’னு சொல்ல, எழுதினவன் வரிசை மாறாம முதல் கட்டத்துல ‘கா’வைப் போட்டான். கடிதம் ‘அன்புள்ள கா’ன்னு போகுது. அது வெள்ளையனுக்கா, காக்காய்க்கா? காவலூர் தொலைநோக்கி நிலையத்துல 1988-ல ஒரு குறுங்கோளைக் கண்டுபிடிச்சு ராமானுஜன்னு பேரு வச்சாங்க. இனிஷியல் கேட்கலையே! ரெண்டெழுத்துக்குக் குறைவா இருந்தாலோ, கட்டம் காலியா இருந்தாலோ ‘அன்புள்ள உறுப்பினரே’ன்னு போகட்டும்னு எழுது. மரியாதை ஒண்ணும் குறைஞ்சிடாது.

அடுத்தது உன் பெரிய மூளை. மாவட்டத்தை வச்சுப் பிரிச்சிருக்கே. திருவண்ணாமலைன்னா மூட்டையை ஜமுனாமரத்தூர்ல இறக்கு, வேலூர்னா பீஞ்சமந்தையில, திருப்பத்தூர்னா புதூர்நாட்டுல. மலை ஒண்ணு, மாவட்டம் மூணு. யோசனை தப்பில்ல. ஆனா திருப்பத்தூர் தனி மாவட்டமானது 2019 நவம்பர்ல. நீ எடுத்துப் போட்ட பட்டியல்ல பாதி அதுக்கும் முந்தினது. அதுல புதூர்நாட்டுக்காரனும் வேலூர்தான். சர்க்கார் அவனைத் திருப்பத்தூருக்கு மாத்திச்சு, நீ மாத்தலை. அறுப்பு முடிஞ்ச களைப்போட அவன் மூட்டையைப் பீஞ்சமந்தைக்குத் தூக்கிட்டுப் போவான். போற வழியெல்லாம் உன் பரம்பரையை விசாரிச்சுக்கிட்டே போவான். மாவட்டத்தை எதுக்குக் கேக்கறே? ‘மூட்டையை எங்க போடுவே’ன்னு ஒரு கட்டம் வச்சு அதைக் கேளு. கட்டம் காலியா இருந்தா இடத்தைச் சொல்லாதே, ‘ஆபீசுக்கு ஒரு போன் பண்ணுங்க’ன்னு சொல்லு.

உங்க வித்தையில எனக்குப் பிடிச்ச கோணல் ஒண்ணு இருக்கு. நீ வச்சிருக்கிற சிவிசிஆர்எம்ங்கிற சாப்ட்வேருக்குள்ள கடிதம் கட்டற வேலைய ஸ்மார்ட்டின்னு ஒண்ணு பார்க்குதுன்னு சொன்னே. பேருதான் ஸ்மார்ட்டி. ‘பாக்கி இருந்தா’ன்னு மொட்டையாக் கேட்டா, 0-ன்னு எழுதினதும் எழுதாம விட்டதும் அதுக்கு ஒண்ணுதான், ரெண்டுக்கும் ‘இல்லை’ங்கும். கடைசிக் காசு வரைக்கும் கட்டினவனும், கணக்கையே யாரும் திறக்காதவனும் ஒரே கடிதத்தை வாங்குவான்: ‘உங்கள் சந்தா முழுவதும் செலுத்தப்பட்டது, நன்றி.’ ரெண்டாவது ஆளு அதை மடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சுக்குவான் தம்பி. அடுத்த வருஷம் நீ பாக்கி கேட்டா எடுத்து நீட்டுவான். நானாயிருந்தாலும் நீட்டுவேன். அதனால முதல்ல ‘கட்டம் காலியா’ன்னு கேளு. அப்புறம் ‘0-வா’ன்னு கேளு.

வரிசையும் முக்கியம். மேலேயிருந்து கீழே படிச்சுட்டு வந்து, முதல்ல எது பொருந்துதோ அங்கேயே நின்னுடும். தலைவரும் உறுப்பினர்தானே? ‘உறுப்பினரா’ன்னு முதல்லயே கேட்டுட்டா ‘தலைவரா’ங்கிற வரிக்குப் பேச்சே போகாது. உங்க தலைவர் கோவமா இருக்காராமே, காரணம் இதுதானான்னு பாரு.

இன்னொண்ணு, புது உறுப்பினர், நடப்பு, சலுகைக்காலம், காலாவதின்னு நிலைகளை நீ அடுக்கினப்போ, கடைசியில ‘இறந்தவர்’னும் ஒண்ணைப் பார்த்தேன். ரொம்ப நல்லது. ஆனா போனவனே வந்து அதுல குறி போடமாட்டான், யாராவதுதான் போடணும். துக்கத்துக்குப் போயிட்டு வர்ற உங்க ஆபீஸ் ஆளு, குளிச்சு முடிச்ச கையோட அதைப் போடட்டும். ‘உங்கள் உறுப்பினர் காலம் முடிவடைந்தது, உடனே புதுப்பிக்கவும்’னு அந்த வீட்டுக்கு ஒரு சேதி போச்சுன்னு வை. காரியத்துக்கு வந்த பங்காளிங்க அத்தனை பேரும் உன்னைத் தேடி ஆபீசுக்கு வந்துடுவாங்க.

ஒரு கடிதத்துல மட்டும் ‘இருந்தா’வே வேணாம். உற்பத்தியாளர் கம்பெனிச் சட்டப்படி ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 14 நாளுக்குக் குறையாம முன்னாடி நோட்டீஸ் போகணும். உறுப்பினருங்க தனி ஆளுங்களா இருந்தா, நூறு பங்கு வச்சவனுக்கும் ஒரே ஓட்டு, ஒரு பங்கு வச்சவனுக்கும் ஒரே ஓட்டு. கூட்டம் கூடுற நேரத்துல எவனாவது உன் பக்கத்துல குந்திக்கிட்டு, ‘தம்பி, அந்த நாலு ஊர்க்காரனுங்க வந்தாலே சத்தம், அவங்களுக்கு மட்டும் போகாதபடி ஒரு இஃப் போடேன்’னு காதுல ஓதுவான். டீ வாங்கிக் குடுத்தா குடிச்சுக்க, இஃப் போடாதே. ஏன்னு கேட்டா, ‘சாப்ட்வேர்ல அந்த வசதி இல்லீங்க’ன்னு சொல்லு. அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு விவரமானவன் இங்க நான் ஒருத்தன்தான். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

அனுப்பறதுக்கு முந்தி சும்மா நாலு போலி உறுப்பினரை உண்டாக்கிப் பாரு. பேரில்லாதவன் ஒருத்தன், பாக்கி 0-ன்னு ஒருத்தன், பாக்கிக் கட்டம் காலியா ஒருத்தன், மாவட்டம் மாறினவன் ஒருத்தன். அஞ்சாவதா எனக்கு ஒண்ணு அனுப்பு. என் பேர்ல இருக்கிற போன் நம்பர் என் பேத்தியோடது, அதே நம்பர்லதான் என் மருமகளும் உறுப்பினர். யாருக்கு யார் பாக்கி வருதுன்னு பார்த்துட்டு, மருமக பாக்கியா இருந்தா உடனே சொல்றேன். என் பாக்கின்னா சிக்னல் இல்ல.